பிரேக்கம்மா பேசித் தீர்த்தவை

"இப்போ?"

"இன்னும் லேட்டாத்தான் பிடிக்குது."

மகள் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்திருந்தாள். நட்டை இன்னொரு கால் சுற்று இறுக்கினாள். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் கேபிள் அது. அம்மா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தார்.

"மிதி பதினெட்டு மில்லிமீட்டர் இறங்கினதும் பிடிக்குதும்மா. இருபது வரைக்கும் போகலாம்னு புத்தகத்துலயே போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவர் எனக்குப் பக்கத்துல உக்காந்து ஓட்டினாரா? என் காலுக்கு மில்லிமீட்டர் எல்லாம் தெரியாது. பயந்துபோய் மூச்சை ஒரு தடவை உள்ள இழுப்பேன் பாரு, அது முடியறதுக்குள்ள பிடிக்கணும்."

மகள் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மா மூச்சை இழுத்தபடியே மிதித்துப் பார்த்தார். "ம். இப்போ சரி" என்றார். மகள் வெளியே வந்து எழுந்ததும், "முதுகெல்லாம் கிரீஸ். சட்டையை இப்பவே ஊற வச்சிடு, காஞ்சா போகாது" என்றார்.

அது ஒரு சனிக்கிழமை காலை. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அந்த வட்டாரத்தில் அம்மாவுக்குப் பெயர் பிரேக்கம்மா. இருபத்தேழு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். ஸ்கூல் என்றால் ஒரு கார், ஒரு மேசை, சாலைச் சின்னங்கள் அச்சடித்த ஓர் அட்டை. அவ்வளவுதான். கற்றுக்கொடுக்கும்போது கத்த மாட்டார். "பிரேக்குங்க" என்பார், உப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க என்று கேட்பதுபோல. அந்தக் குரலுக்குப் பழகிய கால்கள் ஊரில் பாதி. பத்து வருடம் முன்பு கற்றுக்கொண்டுபோன வங்கி மேலாளர் ஒருவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தபோது, அம்மா நடைபாதையிலிருந்து வேடிக்கையாக அந்த ஒரு சொல்லைச் சொல்ல, மனிதர் நின்றேவிட்டார். பஸ் போய்விட்டது. வீட்டிலும் அதே சொல்தான். மகள் போனில் யாரிடமாவது சூடாகப் பேச ஆரம்பித்தால் சமையலறையிலிருந்து வரும்: "பிரேக்."

கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் பயணியாகப் போனாலும், முன்னால் ஒரு வண்டி நின்றால் இவர் தரையை மிதிப்பார். மகளின் காரில் அவர் உட்காரும் பக்கத்தில், மிதியே இல்லாத இடத்தில், ரப்பர் விரிப்பு ஓட்டையாகியிருந்தது. இரண்டு செருப்பில் ஒன்று மட்டும் சீக்கிரம் தேயும். இன்னொன்றுக்கும் அடி போடட்டுமா என்று செருப்புத் தைப்பவர் கேட்பதை நிறுத்திப் பல வருடமாகிறது.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இடிப்பார்கள். தூணில் இடிப்பார்கள், குப்பைத்தொட்டியில் இடிப்பார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை யாருடைய காரிலாவது இடிப்பார்கள். அம்மா இன்சூரன்ஸ் என்ற பேச்சையே எடுக்க மாட்டார். நின்று பேசித் தீர்த்துவிட்டுத்தான் நகர்வார். நாளடைவில், அவருடைய ஸ்கூலுக்குச் சம்பந்தமே இல்லாத மோதல்களுக்கும் ஆள் வந்து கூப்பிட ஆரம்பித்தது. "பிரேக்கம்மா, கொஞ்சம் வாங்க. முக்குல ரெண்டு பேரு காரை நடு ரோட்ல போட்டுட்டு முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க." கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒரு முறை மாவு பிசைந்த கையோடு போய், இரண்டு தரப்பையும் கை குலுக்க வைத்துவிட்டுத்தான் கையைக் கழுவினார்.

போனதும் காரைப் பார்க்க மாட்டார். ஆட்களைத்தான் பார்ப்பார். "எங்கயாவது வலிக்குதா? கழுத்தைத் திருப்புங்க. குனிஞ்சு நிமிருங்க." ஒரு சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் அவரே போன் போடுவார். ஓட்டியவர் குடித்திருந்தாலும் அப்படித்தான். ஏலக்காயை மென்றுகொண்டே, "எல்லாம் நமக்குள்ள முடிச்சுக்கலாம்மா" என்று குழைந்த ஒரு காண்டிராக்டரிடம், "உங்களுக்குள்ள இருக்கறதை முதல்ல டாக்டர் பாக்கட்டும்" என்று சொல்லிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

அடி தகரத்துக்கு மட்டும்தான் என்று உறுதியானால் அடுத்த வார்த்தை வரும்: "சரி. ரெண்டு பேரும் சீட் மாறி உக்காருங்க."

இடித்தவர் இடிபட்ட காரில். இடிபட்டவர் இடித்த காரில். ஓட்டுபவரின் இருக்கையில், ஐந்து நிமிடம். சீட்டை நகர்த்தக் கூடாது, கண்ணாடியைத் திருப்பக் கூடாது. "அவங்க உக்காந்திருந்த மாதிரியே உக்காருங்க. என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க. யார் மேல தப்புன்னு நான் கேக்கலை."

பேக்கரி வேனும் பல் டாக்டரின் காரும் உரசிக்கொண்ட கதையை அம்மா சொல்லிக் கேட்க வேண்டும். டாக்டர் வேனில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் ரொட்டித் தட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. "இதுல பின்னாடி ஒண்ணுமே தெரியலையே! எப்படிய்யா ஓட்டறீங்க?" என்று கத்தினார். வேன் ஓட்டுநரோ டாக்டரின் காரில் சாய்ந்து, மேகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "டாக்டர் படுத்துக்கிட்டே ஓட்டறார் போலிருக்கே. இவருக்கு ரோடே தெரியாதே, வானம்தான் தெரியும்." அதற்குப் பிறகு யார் தப்பு என்ற பேச்சு எழவில்லை. வேனுக்குப் பெரிய பக்கக் கண்ணாடி வந்தது. டாக்டரின் சீட் நிமிர்ந்தது. வேன்காரர் பல்லைக் காட்ட இன்றும் அங்கேதான் போகிறார்.

கடைசியில் ஒரு தாள். நடுவில் கார்பன் வைத்து இரண்டு பிரதி. என்ன உடைந்தது, யார் சரிசெய்து தருவது, எந்த டிங்கரிங் பட்டறையில், எந்தத் தேதிக்குள். பட்டறையை இடிபட்டவர்தான் தேர்ந்தெடுப்பார். தாளின் கடைசி வரி எப்போதும் ஒன்றே: "இதற்கு மேல் யாரும் யாரையும் பார்த்து முறைக்கக் கூடாது." அதற்குக் கீழேதான் கையெழுத்து. அந்த வரியைப் படித்துவிட்டு விறைப்பாக முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மகளின் வேலை வாகனச் சேத மதிப்பீடு. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்ப, இடிபட்ட காரைப் போய்ப் பார்த்து, அளந்து, நான்கு பக்கமும் படம் எடுத்து, அறிக்கை எழுதுவாள். அம்மா அதை விருந்தாளிகளிடம், "என் பொண்ணு நசுங்கின காரை எல்லாம் போட்டோ எடுக்கறா. நல்ல காரா பாத்து எடுக்கக்கூடாதான்னா கேக்க மாட்டேங்கறா" என்று சொல்வார்.

வாரம் ஒரு தடவையாவது வாக்குவாதம் நடக்கும்.

"அம்மா, இன்சூரன்ஸ் எதுக்கு வருஷா வருஷம் கட்டறே? ஃபிரேம் போட்டு மாட்டவா?"

"பெரிய அடிக்குக் கட்டறேன். வீட்டுல தீயணைக்கிற சிலிண்டர் இருக்குன்னு அகர்பத்தியை அதால அணைப்பியா?"

"பின்னாடி ஏதாவது பிரச்சினைன்னா உன் தாள் கோர்ட்ல நிக்காது."

"கோர்ட்ல எதுக்கு நிக்கணும்? தெருவுல நின்னாப் போதும். உங்க இன்சூரன்ஸ் தகரத்தை நேராக்கும். மூஞ்சியை யாரு நேராக்கறது? நாளைக்கு அதே ஆளு அதே முக்குல எதிர்ல வருவார்ல?"

ஆனால் ஒரு முறை மகள் சொன்னது பலித்துவிட்டது. பம்பரில் வெறும் கீறல் என்று அம்மா தாள் எழுதி முடித்த ஒரு கார், பத்து நாள் கழித்து நடுவழியில் கொதித்து நின்றது. பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் வளைந்திருந்தது; வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அம்மா தானாகவே அந்த வீட்டுக்குப் போய், இரண்டாவது தாள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் மகள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடு" என்றார் அம்மா.

"என்னத்தை?"

"அப்பவே சொன்னேனேன்னு. வயித்துல வச்சுக்காதே, ஜீரணம் ஆகாது."

"அப்பவே சொன்னேனே."

"ஆங். இப்போ சாப்பிடு."

அதற்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. "மேல நான் பாக்கறேன். அடியில நீ பாரு." அம்மா தெருவில் நின்று ஆட்களைச் சமாதானப்படுத்துவார். மகள் டார்ச்சோடு காருக்கு அடியில் போவாள். தன் கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்காமல் இல்லை. ஆனால் காருக்கு அடியிலிருந்து கேட்கும்போது அம்மாவின் பேச்சு இன்னும் நன்றாக இருந்தது.

கணக்கு வாத்தியார் ஒருவரின் கார்தான் அம்மா கடைசியாகப் பேசித் தீர்த்தது. முழுதாகத் தீர்த்தார் என்றும் சொல்ல முடியாது.

இடித்தது ஒரு நர்ஸ். வயது நாற்பத்தாறு. இருபது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்று நின்று கால் வீங்கிப்போய், வீடு வீடாகச் சென்று படுத்த நோயாளிகளுக்குக் கட்டு மாற்றும் பிரிவுக்கு மாற்றல் வாங்கியிருந்தார். அங்கே கார் கொடுப்பார்கள். ஓட்ட லைசன்ஸ் வேண்டும். ஒன்றாம் தேதிக்குள் அதைக் காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும், இவர் வார்டுக்கே திரும்ப வேண்டும். "இன்னும் பத்து வருஷம் இந்தக் காலோட நின்னா, என் கட்டை யாரு மாத்தறது மேடம்?" என்று சேர்ந்த அன்றே அம்மாவிடம் கேட்டிருந்தார். பயந்த சுபாவம். ஊசி போடும் கை ஆடாது. ஸ்டீயரிங்கைத் தொட்டால் ஆடும்.

பதினான்காம் நாள், ஒரு தெருவில் ஓரமாக நின்றிருந்த காருக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார் அம்மா. நர்ஸ் அழகாகத்தான் கொண்டுவந்தார். கடைசி நொடியில் கால் பிரேக்கிலிருந்து வழுக்கி ஆக்ஸிலேட்டரில் விழுந்தது. அம்மா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். பிடித்தது, ஒரு மூச்சு தாமதமாகப் பிடித்தது.

முன்னால் நின்ற கார் வாங்கி எட்டு நாள். சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதன் பின்பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குழி விழுந்தது. கணக்கு வாத்தியார் ஒற்றைச் செருப்போடு கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"எட்டு நாள்! எட்டே நாள்! நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு மணி நேரம்!"

"கழுத்தைத் திருப்புங்க சார்" என்றார் அம்மா.

"நான் கார்லயே இல்லையேம்மா!"

"ஓடி வந்தீங்களே. எங்கயாவது சுளுக்கியிருக்கப் போகுது."

வாத்தியார் அடங்கவில்லை. போலீஸ் வரட்டும், இன்சூரன்ஸ் வரட்டும், இடித்தவர் பெயரை எழுதட்டும் என்றார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் ஒருவர் வந்து, இந்தம்மாவின் மகளே இன்சூரன்ஸ் ஆள்தான் என்று வாத்தியாரின் காதில் ஓதிவிட்டார். அவ்வளவுதான். "பொண்ணு இன்சூரன்ஸ்ல இருக்கா, அம்மா இன்சூரன்ஸ் வேணாங்கறாங்க. இதுல ஏதோ இருக்கு. கணக்கு இடிக்குதே!"

"வீட்டுல டாக்டர் இருந்தா தும்மினதுக்கெல்லாமா சார் ஆபரேஷன் பண்ணுவாங்க?" என்றார் அம்மா. பிறகு வழக்கமான அந்த வார்த்தை. "கொஞ்சம் சீட் மாறி உக்காருங்க."

"என் கார்லயா? இவங்களா? இன்னும் உறையே கழட்டலை!"

"அதனாலதான் சொல்றேன். அழுக்காகாது."

நர்ஸ் வாத்தியாரின் காரில், முன்னால் இருந்த எதையும் தொடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே பயிற்சி காரில் ஏறினார். நர்ஸ் உயரம் போதாமல் வைத்திருந்த தலையணை மேல் உட்கார்ந்ததில் தலை கூரையில் இடித்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தார். உடனே கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார்.

"ஈரமா இருக்கு" என்றார்.

ஸ்டீயரிங்கைச் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"முழுக்க நனைஞ்சிருக்கேம்மா. இவ்வளவு பயந்துக்கிட்டா ஓட்டறாங்க?"

அதன் பிறகு வாத்தியாரின் குரல் வகுப்பறைக் குரலாக இல்லை. தாள் எழுதினார்கள். வாத்தியார் தேர்ந்தெடுத்த பட்டறையில் நான்கு நாளில் குழியை எடுத்துத் தர வேண்டும். அம்மா இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தார். வேறு எந்தத் தாளிலும் அது இல்லை. மாதம் முடிவதற்குள் இதே நர்ஸ் இதே தெருவுக்கு வந்து, இதே காருக்குப் பின்னால், இதே இடத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும்.

வாத்தியார் பேனாவை வைத்துவிட்டார். "மறுபடியுமா? என் காருக்குப் பின்னாடியா?"

"அவங்க இன்னிக்கு இப்படியே வீட்டுக்குப் போனா, இனிமே சாவியையே தொட மாட்டாங்க சார். வேலை போயிடும்."

"சரி, வரட்டும். அன்னிக்கு நான் காரை ஷெட்டுக்குள்ள விட்டுடறேன்."

"கார் இல்லாம அவங்க எதுக்குப் பின்னாடி நிறுத்துவாங்க? காத்துக்கா?"

"அப்போ நான் வீட்ல இருக்க மாட்டேன். என்னால பாக்க முடியாது."

"நீங்களும் இருக்கணும் சார். நின்னு பாக்கணும். நாளைக்கு உங்க ஸ்டூடண்ட் கணக்குல முட்டை வாங்கிட்டா, அடுத்த பரீட்சைக்கு நீங்க லீவு போட்டுடுவீங்களா?"

கையெழுத்துப் போட்டார். நர்ஸும் போட்டார், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே.

கார் நான்காம் நாளே குழி தெரியாமல் திரும்பிவிட்டது. மகள் அடியில் போய்ப் பார்த்து, சரி என்றாள். நர்ஸை அழைத்துக்கொண்டு போய் நிறுத்த வைக்க வேண்டிய ஒரு வேலைதான் மிச்சம். அதற்கு முன்னால் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் அந்தச் சனிக்கிழமை கேபிளை இறுக்கினார்கள். புதன்கிழமை போவதாக ஏற்பாடு.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, "அரை மணி நேரம். எழுப்பாதே" என்று படுத்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. இதயம். மகளின் தொழிலில் எந்தச் சேதத்துக்கும் ஒரு முன் அறிகுறி இருக்கும், தேடினால் கிடைக்கும். இதில் தேடியும் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் வீட்டுக்கு வந்தார். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தன் பயிற்சி அட்டையை எடுத்து வைத்தார்.

"இதைத் திருப்பிக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். வர்ற செவ்வாய்க்கிழமை டெஸ்ட். நான் போகப் போறதில்லை. வேற ஸ்கூல்லயும் கேக்கலை. மேடம் இல்லாம நான் ஓட்ட மாட்டேன். ஆபீஸ்லயும் சொல்லிடப் போறேன், வார்டுக்கே வர்றேன்னு."

மகளுக்கு ஆறுதல் சொல்ல வராது. அம்மாவாக இருந்தால் இந்நேரம் நாலு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்திருப்பார். அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தாள். தேதி வாரியாக அடுக்கியிருந்த கார்பன் தாள்களில் கடைசித் தாள். அவளும் அதை இதுவரை படித்ததில்லை. நின்றபடியே படித்தாள். ஓர் இடத்தில் நின்று, மறுபடி அதையே படித்தாள். பிறகு தாளை நர்ஸின் பக்கம் திருப்பி, விரலால் காட்டினாள்.

காரணம் என்று போட்டு, அம்மாவின் உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருந்தது: "பயிற்சி காரின் இரண்டாவது பிரேக் தளர்ந்திருந்தது. ஒரு வாரமாகத் தெரியும். சரிசெய்யாதது என் தவறு. ஓட்டியவர் மேல் தவறில்லை."

நர்ஸ் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "ஐயோ, கால் வச்சது நான்தானே? மேடம் எதுக்கு இப்படி எழுதினாங்க?"

"அவங்க தப்பும் இல்லை சிஸ்டர்" என்றாள் மகள். குரல் சமமாகத்தான் இருந்தது. "கேபிள் தளர்ந்திருக்குன்னு ஒரு வாரம் முன்னாடியே என்கிட்ட சொன்னாங்க. நான்தான் அடுத்த சனிக்கிழமை பாக்கறேன்னு தள்ளிக்கிட்டே போனேன்."

நர்ஸ் தாளைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு முறை படித்தார்.

"அப்போ மூணு பேர் சேர்ந்துதான் இடிச்சிருக்கோம்" என்றார் நர்ஸ்.

மகள் அதை எதிர்பார்க்கவில்லை. சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்ற பிறகும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அது அவர் தொழில்.

தண்ணீரைக் குடித்துவிட்டு மகள் தாளின் அடுத்த வரியைக் காட்டினாள். "மாசம் முடியறதுக்குள்ள நீங்க அங்க போய் நிறுத்தணும்னு போட்டிருக்கு. இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நீங்க வரலைன்னா ஒப்பந்தம் முறிஞ்சதா அர்த்தம். வாத்தியார் இன்சூரன்ஸுக்குப் போவார். அவங்க ஒரு சர்வேயரை அனுப்புவாங்க."

"அப்புறம்?"

"இந்த ஏரியாவுக்கு சர்வேயர் நான்தான். நானே வந்து, என் அம்மா மேல நானே ரிப்போர்ட் எழுதணும். எனக்கு அது வேண்டாம் சிஸ்டர்."

நர்ஸ் அவளைக் கூர்ந்து பார்த்தார். "நிஜமாவா சொல்றீங்க? இல்ல மேடம் மாதிரி கதை விடறீங்களா?"

"அவங்க நல்லா விடுவாங்க. எனக்கு இவ்வளவுதான் வரும்."

நர்ஸ் பயிற்சி அட்டையை எடுத்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். கற்றுக்கொடுக்கும் லைசன்ஸ் மகளிடம் இல்லை; கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் உட்கார அவளுடைய சொந்த லைசன்ஸ் போதும். வழியில் அவள் பேசவில்லை. ஒரே ஒரு முறை, ஒரு திருப்பத்தில், "நல்லாத்தான் ஓட்டறீங்க" என்றாள். நர்ஸ் அதற்கும் பதறி, "பேசாதீங்க பேசாதீங்க" என்றார்.

தெருவில் திரும்பியதும் இருவருமே பார்த்தார்கள். வாத்தியாரின் கார் கேட்டுக்கு வெளியே, அன்று நின்ற அதே இடத்தில் நின்றிருந்தது. கூரையிலும் முகப்பிலும் இலைச் சருகுகள். கண்ணாடியில் தூசி. ஓர் ஈ உட்கார விடாத மனிதரின் கார் அது.

சத்தம் கேட்டு வாத்தியார் வெளியே வந்தார். இந்த முறை இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. மகள் கண்ணாடியை இறக்கினாள்.

"அம்மா விஷயம் கேள்விப்பட்டேன்மா" என்றார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "மூணு வாரமா காரை உள்ளயே விடலை. நீங்க என்னிக்கு வருவீங்கன்னு தெரியாதே. அந்தம்மா, கார் இங்கயே இருக்கணும்னு எழுதி வாங்கிட்டாங்க" என்றார்.

"தண்ணி தெளிச்சாவது கழுவியிருக்கலாமே சார்" என்றார் நர்ஸ், ஸ்டீயரிங்கை விடாமல்.

"கழுவினா எடுக்கத் தோணும். எடுத்தா உள்ள விடத் தோணும். அதான் தொடவே இல்லை. நீங்க முதல்ல நிறுத்துங்க சிஸ்டர்."

நர்ஸ் ஒரு முறை பின்னால் போய், நேராக்கி, மெல்ல முன்னால் வந்தார். நின்றார். இரண்டு காருக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டியையே நிறுத்தலாம். நர்ஸ் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "போதும். நின்னுடுச்சுல்ல? இது போதும்" என்றார். மகளும் சரி என்று தலையாட்டினாள். தாளில் எத்தனை அடி என்று எழுதியிருக்கவில்லை.

வாத்தியார் அந்த இடைவெளியை ஒரு கணக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"அன்னிக்கு இவ்வளவு தள்ளியா நின்னீங்க?" என்றார்.

நடந்து போய், இரண்டு காருக்கும் இடையே, தன் கார் ஓரமாக நின்றுகொண்டார். குழி எடுத்த இடத்தின் மேல் ஒரு கையை வைத்தார். மறு கையைத் தூக்கி, உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, விரல்களை மடக்கி மடக்கி நர்ஸைக் கூப்பிட்டார்.

"வாங்க... வாங்க... இன்னும் வரலாம்... வாங்க..."